அம்மாவின் கை சும்மா இருப்பதில்லை: தடுப்பதா, விடுவதா, வேலை கொடுப்பதா, மாத்திரையா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் போன மாதம் போனில் பேசினார். அப்பாவுக்கு 78 வயது. அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதிநோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கைக்குக் கிடைத்த தாளை எல்லாம் நீளநீளமாகக் கிழிக்கிறார். பேப்பர், கரண்டு அட்டை, பேத்தியின் கணக்கு நோட்டு, எதுவும் தப்பவில்லை. “தடுத்தா சத்தம் போடுறாரு. விட்டா வீடு முழுக்கக் குப்பை. மாத்திரை கேட்டு வாங்கிரலாமா, ஆள் வெச்சுப் பாக்கலாமா? ஒண்ணும் ஓடல்ல தங்கச்சி” என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. என் அம்மா கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், இருபத்தாறு வருடம் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்தவர். ஓர்மை, அதாவது நினைவு, போகத் தொடங்கிய பிறகும் அந்த விரல்கள் நிற்கவில்லை. இடது கைப் பெருவிரல் ஓரத்தை வலது கை நகத்தால் நெம்பி நெம்பி, மெல்லிசாகத் தோலை உரித்து எடுப்பார். எடுத்ததைத் தூக்கிப் போட மாட்டார். மடியில் ஒரு பக்கமாகச் சேர்த்து வைப்பார். பருப்பு ஒரு பக்கம், தொலி ஒரு பக்கம் என்று வைத்துப் பழகிய அதே வரிசை. நான் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது. அதற்குள் விரலில் ரத்தம் வந்து, சீழ் வைத்து, இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டோம்.

ஊரில் இதை “அம்மைக்கு ஓர்மை இல்ல” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஓர் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கிறது. அவர்களில் பலர் எதையாவது திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள்தான். தோலைப் பிய்ப்பது, முந்தானையை முறுக்குவது, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பது, முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருப்பது. வழிகளும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த வழி எந்த வீட்டுக்கு என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம்.

எதை வைத்து எடைபோடுவது

நாலு வருடத்தில் எல்லா வழியையும் முயன்று பார்த்துவிட்டு, இப்போது நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, இந்தப் பழக்கத்தால் உண்மையில் யாருக்குக் கஷ்டம்? அம்மா முகத்தில் பதற்றம் தெரிகிறதா, அல்லது நிம்மதியாகச் செய்துகொண்டிருக்கிறாரா? எரிச்சல் எனக்கு மட்டும்தான் என்றால் அதற்கான மருந்தை அம்மா வாயில் போடக் கூடாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

இரண்டாவது, உடம்புக்குக் கேடு உண்டா? புண், விழுகிற ஆபத்து, எதையாவது விழுங்குகிற ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சின்னப் புண்ணும் பெரிய விஷயம்.

மூன்றாவது, யாருடைய நேரம் போகிறது? பெரும்பாலும் வீட்டில் ஒரு பெண்ணின் நேரம். அது மகளாக இருக்கும், அல்லது மருமகளாக இருக்கும். பணக் கணக்கு போடும்போது அண்ணன்மார் இதைச் சேர்ப்பதே இல்லை.

நான்காவது, ராத்திரி என்ன ஆகும்? பகலில் சமாளித்துவிடுகிற வழி ராத்திரி இரண்டு மணிக்கு உதவாது.

ஐந்தாவது, சரிப்படவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? முருங்கைக்கீரையை மடியில் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். மாத்திரை மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் திரும்பி வர வழியில்லை.

தேர்வுக்கு முன்னால்: இது பழக்கம்தானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் கீழே சொல்லும் எந்த வழியும் பலிக்காது. நமக்குப் பழக்கமாகத் தெரிவது பல நேரம் உடம்பு சொல்கிற புகார். மறதிநோய் முற்றியவரால் “எனக்கு வலிக்குது” என்று சொல்ல முடியாமல் போகும். கைதான் பேசும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது மெல்ல மெல்ல வந்ததா, நாலைந்து நாளில் திடீரென்று வந்ததா? திடீரென்று வந்தால் நோய் என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். இரண்டாம் வருடம் ஒரு ஐப்பசி மழையில் அம்மா ஒரே வாரத்தில் மாறிப்போனார். நைட்டியின் அடிவயிற்றுப் பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார், உட்கார வைத்தால் எழுந்தார். காய்ச்சல் இல்லை. நோய் கூடிவிட்டது என்று நினைத்து அழுதேன். சிறுநீர் சோதனையில் தொற்று என்று வந்தது. மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டார். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று இருக்கலாம். மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை ஏறி இறங்குவது, இவையும் இதே மாதிரி குழப்பத்தைக் கொண்டுவரும்.

அடுத்தது அரிப்பு. வயதான தோல் வறண்டுபோகும், ராத்திரி அரிக்கும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுவதிலேயே பாதி குறையும். ஆனால் ராத்திரி அரிப்பு கூடி, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருந்து, கூடப் படுப்பவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். என் சித்தி வீட்டில் ஐந்து மாதம் “ஓர்மை இல்லாம சொறியுறா” என்றே நினைத்திருந்தார்கள். கடைசியில் பேரனும் சொறியத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அதற்கான களிம்பை ஒருவருக்கு மட்டும் தடவிப் பயனில்லை. டாக்டர் சொல்கிற முறைப்படி வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் தடவ வேண்டும். துணி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

மூன்றாவது, மருந்தே காரணமாக இருப்பது. வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்குக் கொடுக்கிற ஹாலோபெரிடோல் போன்ற மருந்துகள் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பை உண்டாக்கும். கால் நிற்காது, எழுந்து எழுந்து நடப்பார்கள். அதைப் பார்த்து “பதற்றம் கூடிட்டு” என்று அதே வகை மாத்திரையைக் கூட்டினால் தவிப்பும் கூடும். நெடுநாள் அந்த வகை மருந்து எடுத்தவருக்கு வாய் மெல்லுவதுபோல அசைவது வரலாம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல ஓய்விலும் ஆடிக்கொண்டே இருந்தால் அது பார்கின்சன் வகை நடுக்கமாக இருக்கலாம். இவை எதையும் கைவேலை கொடுத்து மாற்ற முடியாது.

டாக்டரிடம் போகும்போது இரண்டு நிமிட வீடியோ ஒன்று போனில் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா அங்கே போனால் சமர்த்தாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நாம் சொல்வது பொய் மாதிரி ஆகிவிடும். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், பச்சிலை மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

உடம்பில் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகு, நம் முன்னால் உள்ள வழிகள் இவை.

வழி 1: தடுப்பது

எல்லாரும் தொடங்குவது இங்கேதான். சொல்லித் தடுப்பது, கையைப் பிடித்துத் தடுப்பது, உறை மாட்டித் தடுப்பது.

ஒருநாள் காலை சாப்பாடு முடிந்ததிலிருந்து பதினோரு மணி வரை “பிய்க்காதம்மா” என்று எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணினேன். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாவது முறை அம்மா என் முகத்தைப் பார்த்து, “மக்களே, நான் என்ன தெற்று செய்தேன்?” என்று கேட்டார். நான் எதைச் செய்யாதே என்றேன் என்பது அவருக்கு நினைவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்பது மட்டும் தங்கியிருந்தது. 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துண்டுகளைக் காட்டிப் பார்த்தார்கள். என்ன பார்த்தோம் என்பதை அவர்கள் சீக்கிரமே மறந்துவிட்டார்கள், ஆனால் சோகம் அதற்குப் பிறகும் விலகவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது.

கையுறை பணத்தில் மலிவு. ஆனால் நம் ஊர் வெக்கையில் அரைமணி நேரத்தில் உள்ளே வேர்த்து ஊறிவிடும், புண் ஆறுவதற்குப் பதில் நைந்துபோகும். அம்மா பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். கையைக் கட்டிலோடு கட்டிவைப்பது பற்றி யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். கட்டை அவிழ்க்கப் போராடியே தோல் கிழியும், பயம் பல மடங்கு கூடும்.

தடுப்பது சரியான வழியாக இருக்கிற நேரமும் உண்டு. புண் ஆறுகிற பத்து நாள், டாக்டர் கட்டுப்போட்ட கையின் மேல் தளர்ந்த பருத்திச் சட்டைக் கையை முழுசாக இறக்கிவிட்டோம். அது உதவியது. நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டி, ஓரத்தை அரம் வைத்து மழுங்கத் தேய்ப்பது இருக்கிறதே, தடுப்பு வகையில் இதைவிட மலிவானதும் பயனுள்ளதும் வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை குளித்து நகம் ஊறியிருக்கும்போது வெட்டினால் கை இழுக்காது.

வழி 2: விட்டுவிடுவது

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. ஆனால் முந்தானை முறுக்குவது, முணுமுணுப்பது, துவர்த்தை (துண்டை) மடித்து மடித்து வைப்பது, ஜெபமாலை உருட்டுவது போன்ற யாருக்கும் கேடில்லாத பழக்கங்களுக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. அம்மா நிம்மதியாக இருந்தால் அந்தப் பழக்கம்தான் அந்த நிம்மதியைக் கொடுக்கிறது.

இதற்கும் செலவு உண்டு. முதலில் நம் காது, நம் நரம்பு. அம்மா சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்குவார், “எடை போட்டாச்சா மக்களே?” அண்டி ஆபீஸில் உரித்த பருப்பை எடை போட்டால்தான் அன்றைய கூலி. ஆரம்பத்தில், “அம்மா, ஆபீஸ் அடைச்சு எத்தனை வருசமாச்சு” என்று விளக்கம் சொல்வேன். அவர் முகம் இருண்டுபோகும், இரண்டு நிமிடத்தில் மறுபடியும் கேட்பார். இப்போது, “போட்டாச்சும்மா, அரைக்கிலோ கூட இருக்கு” என்கிறேன். “ஆமா, நான் நேரத்தே இருந்தேனே” என்று சிரிப்பார். கேள்வி நிற்காது. ஆனால் அரைமணி இடைவெளி கிடைக்கும். அம்மாவிடம் பொய் சொல்கிறோமே என்று முதலில் உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. அவர் கேட்பது எடையைப் பற்றி இல்லை, பட்ட பாடு வீண்போகவில்லையே என்று கேட்கிறார்.

அடுத்த செலவு ஊர்ப் பேச்சு. கல்யாண வீட்டில் அம்மா பிறர் சேலை ஓரத்தைப் பிடித்து நூல் இழுத்தால் “பிள்ளை பாக்காம விட்டிருக்கா” என்பார்கள். நெருங்கிய நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன். மற்றவர்களை விட்டுவிட்டேன்.

பழக்கத்தை விடலாம், பார்வையை விடக் கூடாது. தினமும் குளிப்பாட்டும்போது பத்து விரலையும், முழங்கையையும், தலையின் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்று கேடில்லாதது அடுத்த மாதம் புண்ணாகலாம். தோல் கிழிகிற பழக்கத்துக்கும், எதையும் வாயில் போடுகிற பழக்கத்துக்கும் இந்த வழி பொருந்தாது.

வழி 3: கைக்கு வேலை கொடுப்பது

எங்கள் வீட்டில் அதிகம் பலித்தது இது. அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதல் தவறு, நான் கடையில் வாங்கி வந்த பிள்ளைகள் விளையாட்டுச் சாமான். கலர் கட்டைகள், கோர்க்கிற பெரிய மணி. அம்மா ஒரு நாள் தொட்டார். அடுத்த நாள் தள்ளிவிட்டு, “நான் என்ன கொச்சுப் பிள்ளையா?” என்றார். ஓர்மை போனாலும் மானம் போகாது.

இரண்டாவது தவறு, அவர் செய்த வேலைதானே என்று தோலோடு முந்திரிப் பருப்பைக் கொடுத்தது. விரல்கள் உடனே பிடித்துக்கொண்டன, பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது. இடது கை உருட்ட, வலது கை நகம் நெம்ப, நாலு நொடியில் ஒரு பருப்பு. ஆனால் பாதி வாய்க்குப் போனது. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குப் பருப்பும் கடலையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டோம். பூண்டு புண்ணில் எரிந்தது. சின்ன வெங்காயம் கண்ணைக் கசக்க வைத்தது.

கடைசியில் நின்றது முருங்கைக்கீரை. ஒரு கட்டுக் கீரையைச் சுளகில் போட்டு மடியில் வைத்தால் காம்பிலிருந்து இலையை உருவிக்கொண்டே இருப்பார். இலையும் காம்பும் தனித்தனியாக இரண்டு பக்கம். கீரை இல்லாத நாளில் சீனியவரைக்கு நார் எடுப்பார், துவைத்துக் காய்ந்த துணியை மடிப்பார். மடித்ததை நான் உள்ளே கொண்டுபோய் உதறிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு. பழைய ஜாக்கெட் துணியில் பெரிய கொக்கி, முறுக்கிய நாடா, ஒரு ஜிப், வேட்டிக்கரைத் துண்டு எல்லாவற்றையும் இறுக்கித் தைத்து மைனி ஒரு கைத்துணி செய்து கொடுத்தாள். ராத்திரிக்கு அதுதான். விழித்தாலும் கை அதைத் தேடும், தோலுக்குப் போவது குறைந்தது. தைத்த கொக்கியை வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்றால் வாய்க்குப் போகும்.

எந்த வேலை என்று தேடும்போது, அவர் இருபது முப்பது வயதில் கையால் என்ன செய்தார் என்று கேளுங்கள். தோவாளைப் பக்கம் பூக்கட்டியவருக்கு நூலும் துணிப்பூவும் போதும். கடற்கரை ஊரில் வலை பின்னியவருக்குத் தடித்த கயிறும் முடிச்சும். ரப்பர் வெட்டப் போனவருக்கு விடியற்காலை நடைதான் பழக்கம், அவரை உட்கார வைத்து எதையும் கொடுத்துப் பயனில்லை, கூட நடக்க வேண்டும். சிலருக்கு எதுவுமே ஒட்டாது. அது உங்கள் குறையில்லை.

மறைந்த செலவைச் சொல்ல வேண்டும். வேலையை எடுத்து வைக்க, முடிந்ததை வாங்க, “நல்லா செய்திருக்கீங்க” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேலை தீர்ந்தவுடன் கை காலியாகி மறுபடி தோலுக்குப் போய்விடும். ஒருவரே சமையலும் பார்த்து, பிள்ளைகளையும் பார்க்கிற வீட்டில் இது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடாது. அந்த நேரத்தை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். பலருக்கும் பதற்றம் கூடுவது வெளிச்சம் மங்குகிற சாயங்காலத்தில். நாங்கள் மூன்றரை மணிக்கே கீரையை எடுத்து வைப்போம், ஐந்தரைக்கு எல்லா லைட்டையும் போட்டுவிடுவோம், ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஜெபத்தில் அம்மாவுக்கு வார்த்தை தவறுவதே இல்லை. கேட்ட கேள்வியை மறக்கிறவர் அருள் நிறைந்த மரியே சொல்லும்போது என்னை முந்திப் போவார். உங்கள் வீட்டில் அது விளக்கு வைத்துச் சொல்கிற பாட்டாக இருக்கலாம், தஸ்பீஹ் மணியாக இருக்கலாம்.

வழி 4: மாத்திரை

மாத்திரையைக் கண்மூடித்தனமாக வெறுப்பவள் இல்லை நான். ஆனால் இதற்கென்று, அதாவது திரும்பத் திரும்பச் செய்வதை நிறுத்துவதற்கென்று ஒரு மாத்திரை கிடையாது. டாக்டர்கள் கொடுப்பது பதற்றத்துக்கோ, தூக்கத்துக்கோ, மனச்சோர்வுக்கோ. எது எதற்கு என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் வகை: கடும் பதற்றம், தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது போன்ற நிலைக்கு. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. சுமார் 10 வாரம் நடந்த ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 4.5 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். லூயி பாடி என்ற வகை மறதிநோய் இருந்தால் (இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, நடை இறுகுவது அதன் அடையாளங்கள்) இந்த மருந்துகள், முக்கியமாக ஹாலோபெரிடோல், மிகவும் ஆபத்து. அந்த அடையாளம் எதையாவது பார்த்திருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அல்பிரசோலாம், லோராசெபாம் போன்றவை: உடனே அமைதி தரும், கூடவே தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் தரும். விழுந்து எலும்பு முறிவது இந்த வழியின் பெரிய மறைந்த செலவு.

செர்ட்ராலின், எசிடலோபிராம் போன்றவை: சோர்வும் கவலையும் அடியில் இருந்தால் உதவலாம். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதியவர்களுக்குச் சோடியம் குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரிப்புக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற, தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகள் ஓர்மையை இன்னும் கலக்கும். சீட்டு இல்லாமல் அவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு ஒருமுறை மாத்திரை கொடுத்தோம். மூன்றாம் வருடம், ராத்திரி முழுக்கக் கையைப் பிறாண்டி, விம்மி விம்மி அழுதார். காரணம் எதுவும் அகப்படவில்லை. டாக்டர் மிகக் குறைந்த அளவில் ஒன்று எழுதினார். ஒரு வாரத்தில் அழுகை அடங்கியது. பகலிலும் தூங்கி வழிந்தார், ஒருமுறை குளிமுறி வாசலில் சரிந்தார், நல்லவேளை நான் பிடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து டாக்டர் சொன்னபடி மெல்லக் குறைத்து நிறுத்தினோம். அந்த மூன்று மாதம் தேவைப்பட்டது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதனால் என் கணக்கு இது: அவர் முகத்தில் தவிப்பு இருந்து, புண் ஆழமாகி, மற்ற வழிகள் தோற்றபோது மாத்திரை. “எந்த அறிகுறிக்கு, எப்போது திரும்பப் பார்ப்போம், எதைக் கண்டால் உடனே வர வேண்டும்” என்ற மூன்றையும் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

எங்கே காட்டுவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நோயின் வகையே தெளிவில்லை என்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலரும் போவது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்கு. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பயணம், கூட்டம், காத்திருப்பு எல்லாம் சேர்ந்து அடுத்த இரண்டு மூன்று நாள் அம்மாவைக் கலக்கிவிடும். அதையும் எண்ணி, வகை கண்டறிய ஒருமுறை அங்கே, தொடர்ந்து பார்க்கப் பக்கத்தில் ஒரு டாக்டர் என்று வைத்துக்கொண்டோம்.

வழி 5: ஆள் வைப்பது, இல்லத்தில் விடுவது

பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிற வீடுகளில் முதலில் பேசுவது ஹோம் நர்ஸ் பற்றித்தான். என் அண்ணனும் குவைத்திலிருந்து அதைத்தான் சொன்னான். பெயரில் நர்ஸ் இருந்தாலும் பலரும் நர்ஸிங் படித்தவர்கள் இல்லை. சிலர் அன்பாகப் பார்ப்பார்கள், ஆனால் மறதிநோய் பற்றி நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சம்பளம் தவிர ஏஜென்சிக் கட்டணம், சாப்பாடு, லீவு நாளுக்கு மாற்று ஆள் எல்லாம் உண்டு. ஆள் மாறும்போதெல்லாம் புது முகத்தைக் கண்டு பழக்கம் கூடும். எங்கள் வீட்டில் மூன்றாவதாக வந்த அக்காவிடம் முதல் நாளே கீரைச் சுளகையும் “எடை போட்டாச்சு” என்ற பதிலையும் சேர்த்தே ஒப்படைத்தேன். அவர் நின்றார்.

ராத்திரிக் காவல் வேண்டிய வீட்டுக்கும், பார்ப்பவரே நோயில் விழுந்த வீட்டுக்கும் இது சரியான வழி. பார்ப்பவர் விழுந்துவிட்டால் அம்மாவைப் பார்க்க யாரும் இல்லை. இல்லம் பற்றி யோசிப்பவர்கள் முன்னறிவிப்பில்லாமல் சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே இருப்பவர்களின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது, யாருக்காவது கை கட்டியிருக்கிறதா, எல்லாரும் தூங்கி வழிகிறார்களா என்று பாருங்கள். கட்டிடத்தின் டைல்ஸைப் பார்க்க வேண்டாம்.

யாரிடமாவது பேச வேண்டும் என்றால் முதியோர் உதவி எண் 14567, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இரண்டும் கட்டணமில்லை. பார்த்துக்கொள்கிறவர்களும் அழைக்கலாம்.

தக்கலை அண்ணனுக்குச் சொன்னது

அப்பா கிழிக்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்காரு. கிழிச்சுட்டு என் கையில தாறாரு” என்றார். திடீரென்று வந்ததா? இல்லை, ஆறு மாதமாக மெல்லக் கூடியது. வாயில் போடுகிறாரா? இல்லை.

அப்படியானால் மாத்திரையும் வேண்டாம், இதற்காக மட்டும் ஆளும் வேண்டாம் என்றேன். பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, பேத்தியின் நோட்டு எல்லாவற்றையும் பூட்டிவையுங்கள். பழைய பேப்பர் கடையில் இரண்டு கிலோ வெள்ளைத் தாள் வாங்கி, டிக்கெட் அகலத்துக்கு வெட்டி, மேல்பக்கம் தைத்துக் கட்டாக்கிக் கொடுங்கள். தோளில் மாட்ட ஒரு பழைய தோல்பை. அவர் கிழித்து நீட்டும்போது வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் எங்கே போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பத்து நாள் கழித்து அழைத்தார். குப்பை குறையவில்லையாம். பேத்தி தினமும் சாயங்காலம் வடசேரிக்கு இரண்டு டிக்கெட் எடுக்கிறாளாம், சில்லறை சரியாகக் கொடுக்காவிட்டால் தாத்தா விடுவதில்லையாம்.